ரமழான் பதினேழில் காலைச் சாப்பாடு

அத்தியாயம் ஆறு

“உங்கட நிறை எவ்வளவு?” என்று தொலைபேசித் திரையிலிருந்த டொக்டர் கேட்டார்.

நிஸ்தார் நாற்காலியில் நெளிந்தான். நாற்காலியும் சேர்ந்து நெளிந்தது.

“கட்டாயம் சொல்லணுமா டொக்டர்? என்ட பொஞ்சாதிக்கே இன்னும் சொல்லல்ல.”

“சொல்லாட்டி மருந்து இல்ல.”

“நூற்றிப் பன்னிரண்டு.”

“உயரம்?”

“அது குறைவுதான். அதால ஒரு கரச்சலும் இல்ல.”

தொலைபேசியின் கண்ணுக்குப் படாத மூலையில், குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சீதேவிப்பிள்ளை அக்கா உட்கார்ந்திருந்தார். கல்லடியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவருடைய துப்பறியும் நிலையம். அதற்கு முதல் இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். கால் முறிந்ததென்று கடிதம் போட்டுவிட்டுத் தென்னை ஏறியவர்களையும், கடை எரிவதற்கு முதல் நாளே சாமான்களை மச்சான் வீட்டுக்கு ஏற்றியவர்களையும் கண்டு சலித்த கண்கள் அவருக்கு. அந்த வேலை அவரை இரண்டு வருத்தங்களோடு வீட்டுக்கு அனுப்பியது. ஒன்று இரத்த அழுத்தம், மற்றது சந்தேகம். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை போடுகிறார்.

நிஸ்தார் அவருடைய உதவியாளன். நாற்பத்தொரு வயது. டோஹாவில் எட்டு வருடம் அம்புலன்ஸ் ஓட்டிவிட்டு வந்து, இப்போது சொந்த ஓட்டோ ஓட்டுகிறான். இன்றைக்கு அவன் தூண்டிலில் குத்திய புழு. புழு கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

திரையில் இருந்தவர் டொக்டர் விதுர்ஷா. கொழும்பில் இருந்துகொண்டே நாடு முழுக்கத் தொலைபேசியில் நோயாளிகளைப் பார்க்கிற ஓர் இணைய மருத்துவ சேவையில் வேலை செய்பவர். மெலிகிற ஊசி வேண்டுமென்றால் இப்போது பலரும் தட்டுவது இந்தக் கதவைத்தான்.

“முதல்ல இரத்தம் சோதிக்கணும்” என்றார் டொக்டர். “உங்கட குடும்பத்தில ஆருக்கும் கணையத்தில வருத்தம், தைரொய்ட்டில கட்டி அப்படி ஏதும் இருந்ததா?”

“எங்கட குடும்பத்தில இருந்த ஒரே வருத்தம் பசிதான் டொக்டர்.”

சீதேவிப்பிள்ளை மூலையில் இருந்தபடி விரலைச் சொடுக்கினார். கேட்க வேண்டியதைக் கேள் என்று அர்த்தம்.

நிஸ்தார் குரலைத் தாழ்த்தினான். “ஒரு சின்ன உதவி டொக்டர். காப்புறுதிக்காரன் மெலியிற மருந்துக்குத் தரமாட்டானாம். சீனி வருத்தமெண்டா மட்டும் தருவானாம். நீங்க சீனி எண்டு ஒரேயொரு வரி எழுதித் தந்தீங்கெண்டா...”

“எழுத மாட்டன்.” டொக்டரின் முகம் பட்டென்று மாறியது. “அந்த ஒரு வரி உங்கட பதிவில ஏறினா இறங்காது. நாளைக்கு வேறொரு டொக்டர் அதை நம்பித்தான் உங்களுக்கு வைத்தியம் செய்வார். இதே கதையை மார்ச்சில உங்கட பக்கத்து ஆம்பிளை ஒருத்தரும் கேட்டவர், வேற ஒருத்தருக்காக. அவருக்கும் இதைத்தான் சொன்னனான்.”

சீதேவிப்பிள்ளையின் பேனை நின்றது.

“அது ஆரு டொக்டர்? எங்கட ஊர்க்காரனா?”

“மற்ற ஆக்களைப் பற்றி நான் கதைக்கிறல்ல. இரத்தம் சோதிச்சுப்போட்டு வாங்க. அதுவரைக்கும் நடந்து பழகுங்க.”

திரை அணைந்தது. நிஸ்தார் நெற்றியைத் துடைத்தான்.

“அக்கா, இந்தப் பொம்புளைட கை சுத்தம். நான் தரையில உருண்டு அழுதாலும் எழுதாது.”

“சுத்தமான கையைத்தான் நான் ரெண்டு தரம் பார்க்கிறது. ஆனா நீ சொல்றது சரி. அந்தப் பொய் இங்க இருந்து போகல்ல.”

என்ன பொய் என்றால், அதற்குப் பின்னால் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறாவூர் றிஸ்லாவுக்கு வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய தம்பி றுஸ்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தியது. ஆனால் நிறை கூட, பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வா என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். அவள் நடந்தாள், சோற்றை விட்டாள், தராசு அசையவில்லை. கணவனின் கம்பனிக் காப்புறுதியைக் கேட்டால், மெலிகிற சிகிச்சைக்கு இடமில்லை, நீரிழிவு என்றால் யோசிக்கலாம் என்று கைவிரித்தார்கள். பெப்ரவரியில் டொக்டர் விதுர்ஷா பார்த்தபோது அவளுடைய இரத்தத்தில் சீனி ஒழுங்காகத்தான் இருந்தது. மருந்து வாங்க வழியில்லாமல் அவள் அழுதுகொண்டிருந்த நேரத்தில், ஏப்ரலில், காப்புறுதிக் கம்பனியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மருந்துக்கு அனுமதி. இறைவனுக்கு நன்றி சொன்னாள், காரணம் கேட்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஐஸ் அடைத்த றெஜிபோம் நுரைப்பெட்டியில் ஊசி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக ஐந்து மாதம் வயிற்றில் குத்தினாள். பதின்மூன்று கிலோ போனது.

எல்லாம் சரி என்றிருந்தபோது, போன கிழமை, அனுப்பியவர் பெயரில்லாத ஒரு கடித உறை ஆஸ்பத்திரியின் சிறுநீரகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே றிஸ்லாவின் பெயரில் ஓர் இரத்த அறிக்கை. மார்ச் பதினெட்டாம் திகதி, அதாவது மருந்து தொடங்குவதற்கு முதல், சீனி எக்கச்சக்கம். நீரிழிவுள்ளவர் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று குழு எழுந்து நின்றது. இப்போது சோதித்தால் சீனி இல்லையே என்று றிஸ்லா கத்தினாள். அந்த ஊசி சீனியையும் இறக்கும் அம்மா, இப்போதைய சோதனையை எப்படி நம்புவது, பெப்ரவரிக்குப் பிறகு சீனி வந்திருக்கலாமே என்று கேட்டார்கள். அவள் அந்த அறிக்கையின் பிரதியோடு நேரே சீதேவிப்பிள்ளையிடம் வந்தாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் குழுவின் கடைசி முடிவு. அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. றுஸ்தியின் கையில் ஊசி ஏற்ற நரம்பு முடிந்துகொண்டு வந்தது. மூன்று மாதம் அவனுக்கு நீண்ட காலம்.

“வேற ஒருத்தருக்காக ஒரு ஆம்பிளை” என்று நிஸ்தார் விரலை மடக்கினான். “அது புருஷன் ஸியாம்தான் அக்கா. கிட்னி குடுக்காத எண்டு ஆறு மாசமா வீட்டில சத்தம் போடுறவன். மறுகா என்ன, ஓட்டோவ எடுக்கட்டா?”

“எடு. ஆனா ஏறாவூருக்கு இல்ல. தன்னாமுனைக்கு.”

அறிக்கையின் தலைப்பில் வாவிக்கரை ஆய்வுகூடம், தன்னாமுனை என்று இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு. இரண்டாம் பக்கத்தை யாரும் கண்டதில்லை. சீதேவிப்பிள்ளைக்கு உறுத்தியது அதுதான். ஒரு பக்கத்தைக் காட்டுகிறவனைவிட மற்றப் பக்கத்தை ஒளிக்கிறவனைத்தான் அவர் எப்போதும் தேடுவார்.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அவர் றிஸ்லாவுக்கு அழைப்பு எடுத்தார்.

“மகள், மார்ச் பதினெட்டு எங்க இருந்தாய் எண்டு ஞாபகம் இரிக்கா?”

“மார்ச் பதினெட்டு எண்டா...” அவள் முணுமுணுத்து நாள் எண்ணுவது கேட்டது. “ரமழான் பதினேழு. பத்ர் நாள். மறப்பனா? அண்டைக்கு நோன்பு திறக்க முப்பது பேருக்கு வீட்டில சமைச்ச. நோன்போட உப்புப் பார்க்க ஏலாதே. கண் மட்டத்துக்குப் போட்டு, இறைச்சி ஒரே உப்பு. இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.”

“இரத்தம் குடுக்கப் போனாயா?”

“விடிஞ்சதில இருந்து அடுப்படிய விட்டு அசையல்ல. அல்லாஹ்மேல ஆணை. அந்த ஆய்வுகூடம் எந்தப் பக்கமெண்டே எனக்குத் தெரியா.”

“உன்ட போனில ஆரு ஆரு கை வைப்பாங்க?”

“வீட்டில எல்லாரும்தான். ஸியாம் எடுப்பாரு, தம்பி எடுப்பான், பிள்ளையள் விளையாடும். ஏன் அக்கா?”

“சும்மா” என்று சீதேவிப்பிள்ளை சொன்னார். அவர் சும்மா என்றால் ஒன்றும் சும்மா இல்லை என்று நிஸ்தாருக்குத் தெரியும்.

அழைப்பை முடித்துவிட்டு அறிக்கையை மறுபடி வாசித்தார். பிறகு, ஓட்டோவின் சத்தத்துக்கு மேலால், அமைதியாகக் கேட்டார்.

“நிஸ்தார், உணவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த இரத்தம் எண்டு இதில போட்டிரிக்கி. எடுத்த நேரம் காலை பத்து மணி ஐந்து நிமிடம். அப்ப சாப்பிட்டது எத்தின மணிக்கு?”

“எட்டு மணிக்கு.”

“ரமழான் பதினேழில.”

நிஸ்தார் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் வந்த லொறிக்காரன் அவனுடைய பரம்பரையையே ஏசிவிட்டுப் போனான்.

“ஏறாவூர்ல, பத்ர் நாளில, காலை எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடா?” நிஸ்தார் திரும்பி உட்கார்ந்தான். “அக்கா, பொம்புளையளுக்கு நோன்பு விடுற நாள் உண்டுதான். ஆனா அவ அண்டைக்கு உப்புப் பார்க்கலையே. நோன்பில்லாட்டி ஒரு சொட்டு நாக்கில வச்சிருப்பா. முப்பது பேரும் தப்பியிருப்பாங்க.”

“அதைத்தான் நானும் நினைச்சன்.”

“அப்ப விஷயம் லேசு. இந்தப் பொய்யக் கட்டினவனுக்கு அண்டைக்கு நோன்பெண்டே தெரியல்ல. எங்கட ஆள் இல்ல. மன்னிச்சிடுங்க அக்கா, உங்கட ஆள்.”

“ஓட்டோவ எடு. எங்கட ஆளை முதல்ல பார்ப்பம்.”

வாவிக்கரை ஆய்வுகூடம் பிரதான வீதியோரம் இருந்தது. பின்பக்க யன்னலைத் திறந்தால் வாவி. உள்ளே குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் தனோஜன் முப்பது வயது, மெல்லிய ஆள், கண்ணாடி. சீதேவிப்பிள்ளை நீட்டிய றிஸ்லாவின் சம்மதக் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். கை இலேசாக நடுங்கியது. சந்தேகப்படுகிறவருக்கு அது போதும்.

“ஏன் தம்பி கை நடுங்குது?”

“காலையில இருந்து சாப்பிடல்ல மேடம். வேலை ஆள் வரல்ல.”

“அக்கா, இவர் நோன்பு நாளில சாப்பிட்டு மற்ற நாளில பட்டினி கிடக்கிறவர் போல” என்று நிஸ்தார் காதில் முணுமுணுத்தான்.

சீதேவிப்பிள்ளை சுற்றி வளைக்கவில்லை. “இந்தப் பொம்புளை இங்க வரவேயில்ல. வராத ஆளின்ட இரத்தத்தை எப்படிச் சோதிச்சீங்க?”

தனோஜனின் முகம் சிவந்தது. பயத்தால் அல்ல, கோபத்தால். ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தைத் தூக்கிவந்து மேசையில் போட்டார்.

“வராத ஆளின்ட இரத்தம்தான் இங்க பாதிக்குப் பாதி வரும் மேடம். பெரியாஸ்பத்திரியில ஒரு சோதனைக்கு மருந்து முடிஞ்சா, இரத்தத்தை அங்கயே எடுத்து, குப்பிய சொந்தக்காரர் கையில குடுத்து, வெளியில சோதிச்சிட்டு வாங்க எண்டு அனுப்புவாங்க. குப்பியில இருக்கிற பேரைத்தான் நாங்க பதியிற. இஞ்ச பாருங்க. மார்ச் பதினெட்டு, பத்து ஐம்பது. குப்பியா வந்தது. எடுத்த நேரம் கொண்டுவந்தவர் சொன்னது. கையெழுத்தும் அவர்ட. போன் நம்பரும் அவர் தந்தது.”

நம்பர் றிஸ்லாவுடையது. கையெழுத்து ஒரு கோடும் இரண்டு புள்ளியும்.

“இரண்டாம் பக்கம்?”

“அதையும் அவருக்குக் குடுத்தனான். திரும்ப அச்சடிக்கலாம்.”

இயந்திரம் முனகி ஒரு தாளைத் தள்ளியது. சீதேவிப்பிள்ளை எடுத்து வாசித்தார். சிறுநீரகச் சோதனை. கிரியேட்டினின், எட்டு தசம் ஆறு. காப்புறுதி வேலையில் இருந்த காலத்தில் இந்தச் சொல்லை ஆயிரம் கோப்புகளில் பார்த்திருக்கிறார். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது ஒன்றை அண்டித்தான் நிற்கும்.

“தம்பி, எட்டு தசம் ஆறு எண்டா?”

“சிறுநீரகம் வேலை செய்யல்ல எண்டு அர்த்தம் மேடம். அந்தம்மா பாவம் எண்டு அண்டைக்கே நினைச்சனான்.”

நிஸ்தார் தாளை எட்டிப் பார்த்தான். “றிஸ்லாவ கிட்னி குடுக்க ஏலுமா எண்டு தலைகீழாச் சோதிச்சவங்க. அவட கிட்னி பளிங்கு மாதிரி எண்டு எழுதியே குடுத்திரிக்காங்க. இது அவட இரத்தம் இல்ல அக்கா!”

“இல்ல. ஆனா பொய் இரத்தமும் இல்ல. சீனியும் உள்ள, கிட்னியும் போன, உண்மையான ஒரு ஆளின்ட உண்மையான இரத்தம்.” சீதேவிப்பிள்ளை தனோஜன் பக்கம் திரும்பினார். அவர்மீதிருந்த சந்தேகத்தை அவ்வளவு இலகுவில் விட மனம் வரவில்லை, ஆனாலும் விட்டார். “கொண்டுவந்த ஆளை ஞாபகம் இருக்கா?”

“ஆறு மாசம் ஆச்சே மேடம். முகக்கவசம் போட்டிருந்தவர். ஒண்டு மட்டும் ஞாபகம். மார்ச் வெக்கையில முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். மூச்சு வாங்கினவர். இருங்க எண்டு ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தன். ஒரேயொரு வாய் குடிச்சிட்டு அப்படியே வச்சிட்டார். கிளாஸ் நிறையத் தண்ணியப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதான் மறக்கல்ல.”

சீதேவிப்பிள்ளை இரண்டாம் பக்கத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து ஓட்டோவில் ஏறினார். நிஸ்தார் சாவியைத் திருப்பாமல் பின்னால் திரும்பினான்.

“தண்ணியில அப்படி என்ன அக்கா கண்டீங்க?”

“நீ சொல்லு. நோன்பு பிடிச்சவன் அந்தத் தண்ணிய என்ன செய்வான்?”

“தொடமாட்டான்.”

“நோன்பில்லாதவன்?”

“அந்த வெக்கையில ஒரே இழுவையில குடிச்சிட்டு இன்னொண்டு கேப்பான்.”

“அப்ப ஒரேயொரு வாய் குடிச்சிட்டு, மிச்சத்தப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் ஆர்?”

நிஸ்தாருக்குப் பழைய முகங்கள் ஞாபகம் வந்தன. டோஹாவில் அம்புலன்ஸில் அவன் ஏற்றி இறக்கிய நோயாளிகளில் ஒரு சாரார் இருந்தார்கள். நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடிப்பவர்கள். கையில் டயலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றிக் கயிறாகப் புடைத்த நரம்பை முழுக்கைச் சட்டைக்குள் மறைப்பவர்கள். வருத்தத்தால் நோன்பு கடமையில்லாதவர்கள்.

“யா அல்லாஹ்” என்றான். “தனக்கு வாற கிட்னியத் தானே தடுப்பானா அக்கா?”

“அதைத்தான் கேக்கப் போறம். சுறுக்கா எடு.”

ஏறாவூர் வீட்டில் அவர்கள் போய் இறங்கியபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. முன் அறையில் றிஸ்லா இருந்தாள். வேலைக்கு லீவு போட்டிருந்த ஸியாம் கதவோரம் நின்றான். றுஸ்தி சாய்மனைக் கதிரையில். முப்பத்தொரு வயதுக்கு அவன் ஐம்பதாகத் தெரிந்தான். முழுக்கைச் சட்டை.

ஸியாம் முந்திக்கொண்டான். “எல்லாரும் என்னத்தான் பார்ப்பீங்க எண்டு தெரியும். ஓம், குடுக்காத எண்டு சொன்னன். என்ட பொஞ்சாதி, எனக்குப் பயம். ஆனா முகத்துக்கு நேரதான் சொன்னன். மொட்டைக் கடிதம் போடுற ஆள் நானில்ல.”

“உங்களை நான் ஒண்டும் கேக்கல்ல தம்பி” என்றார் சீதேவிப்பிள்ளை. பிறகு றுஸ்தியின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மகள், நீ எழும்பிப் போகாத. எனக்கு வேலை தந்தது நீ. உனக்குத் தெரியாம எனக்கு ஒண்டும் இல்ல.”

இரண்டு தாள்களையும் றுஸ்தியின் மடியில் வைத்தார். முதல் பக்கம், அதன்மேல் இரண்டாம் பக்கம்.

றுஸ்தி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தான். மறுக்கவில்லை. தவறு செய்தவர்கள் முதலில் எடுக்கிற அந்த ஆச்சரியமும் அவன் முகத்தில் வரவில்லை. எப்போது வருவார்களென்று காத்திருந்தவன் மாதிரி, “தன்னாமுனையா?” என்று மட்டும் கேட்டான்.

“தன்னாமுனைதான். உன்ட இரத்தம், அக்காட பேர்.”

“டேய்” என்று ஸியாம் ஓரடி முன்னால் வந்தான். நிஸ்தார் குறுக்கே நின்றான். குறுக்கே நிற்பதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் ஏறாவூரில் இல்லை.

“அந்த டொக்டரம்மாட்டக் கேட்டன், எழுத மாட்டன் எண்டுட்டா” என்றான் றுஸ்தி. “றாத்தா மருந்தில்லாம அழுதுகொண்டு இருந்தா. எனக்கு எடுத்த இரத்தக் குப்பியில றாத்தாட பேர ஒட்டினன். முதல் பக்கத்த அவட போனால காப்புறுதிக்கு அனுப்பினன். அந்த நேரம் எனக்கு வாழ ஆச. அதுக்காகச் செய்தன்.”

றிஸ்லா அவன் மடியிலிருந்த தாளைச் சுட்டிக் காட்டினாள். “மருந்துக்காக நீ செய்தது சரி. மறுகா அதே தாளக் குழுவுக்கு அனுப்பினது ஆரு?”

“நான்தான்.”

சீதேவிப்பிள்ளை தன் வேலைக்காலத்தில் ஆயிரம் பொய்யர்களைச் சந்தித்தவர். எல்லோரும் ஏதோ ஒன்றைப் பெறுவதற்காகப் பொய் சொன்னவர்கள். தனக்கு வருகிற உயிரைத் தள்ளிவிடுவதற்காகப் பொய் சொன்னவனை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அது தனக்குப் பிடிக்காத உணர்வென்பதால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏன்?” என்றாள் றிஸ்லா.

“அஞ்சு மாசம் பார்த்துக்கொண்டு இருந்தன் றாத்தா. வெள்ளிக்கிழமை ஊசி போடுவீங்க. சனி முழுக்க வாந்தி எடுப்பீங்க. பிள்ளையளுக்குத் தீத்திப்போட்டு ரெண்டு வாய் தின்ன ஏலாம எழும்பிப் போவீங்க. எனக்கு அது பொறுக்கல்ல. அதோட வாப்பாக்கும் சீனி, எனக்கு முப்பது வயசுக்குள்ள சீனி. நாளைக்கு உங்களுக்கும் வந்தா? ஒரு கிட்னியோட என்ன செய்வீங்க? அப்ப உங்களுக்கு ஒண்டு தாறதுக்கு நான் இரிக்க மாட்டன்.”

“வேணாமெண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னாக் கேப்பீங்களா?”

கேட்டிருக்க மாட்டாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சீதேவிப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “நான் உள்ளதைச் சொல்றன். இந்த ரெண்டு பக்கத்தையும் அந்தப் பதிவுப் புத்தகத்தோட சேர்த்து நாளைக்குக் காட்டினா, இது உன்ட இரத்தமில்லையெண்டு எந்த டொக்டருக்கும் விளங்கும் மகள். உனக்குச் சீனி இல்ல எண்டு எழுதத்தான் வேணும். ஆனா இவன் காப்புறுதிய ஏமாத்தினதும் அதோட வெளியில வரும். கேஸ் வரலாம். நீ காட்டச் சொன்னா காட்டுவன். காட்டாத எண்டா கிழிச்சிடுவன். உன்ட முடிவு.”

“கிழிங்க” என்றான் றுஸ்தி.

“உன்னைக் கேக்கல்ல.”

றிஸ்லா எழுந்து வந்தாள். தம்பியின் மடியிலிருந்த இரண்டு தாள்களையும் எடுத்து, ஒழுங்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு அவன் முன்னால் தரையில் குந்தினாள்.

“காப்புறுதிக்காரனுக்கு நான் கதைக்கிறன். கேஸ் வந்தா ரெண்டு பேரும் போவம். என்ட கிட்னிய நான் தாறன் எண்டு சொல்றது என்ட உரிமை. வாங்கமாட்டன் எண்டு சொல்றது உன்ட உரிமை, அதை நான் மறுக்கல்ல. ஆனா களவாக் கடிதம் போட்டு இல்ல. என்ட முகத்தப் பார்த்துச் சொல்லு. எனக்கு வேணாம் றாத்தா, நான் மவுத்தாகிறன் எண்டு இப்ப சொல்லு. நான் நாளைக்குப் போகல்ல.”

றுஸ்தி அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. பார்வையைக் கூரைக்கு மாற்றினான், பிறகு தரைக்கு. அவள் விடவில்லை. நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

“சொல்லு மனே.”

“எனக்கு...” என்று தொடங்கியவனுக்குக் குரல் உடைந்தது. சின்னப் பிள்ளை அழுவதைப்போல் அழுதான். “எனக்கு வாழ ஆசையா இரிக்கி, றாத்தா.”

நிஸ்தார் வாசல் பக்கம் திரும்பி நின்றான். எந்த இழவு வீட்டிலும் ஒரு பகிடி விடக்கூடிய அவன், அங்கே கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகச் சோடி சேர்த்தான். ஸியாம் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். அவனுடைய பயம் போகவில்லை.

றிஸ்லா தம்பியின் கண்ணைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். துடைத்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

“அப்ப போய் நல்ல சட்டை ஒண்ட எடுத்து வை. எட்டு மணிக்கு வெளிக்கிடணும்.”